பாம்பு வளர்ப்போரும் பார்த்திருக்கும் அரசும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர் நம் முன்னோர். படை நடுங்கும் அப்பாம்பைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியிலே குடியேற்றி, படுக்கையறையின் ஒரு மூலையில் வைத்து அழகு பார்க்கும் காலம் இது. பாம்பு மட்டுமன்று, ஆமையும் உடும்பும் ஓணானும் முதலைக் குஞ்சுங்கூட இன்று சந்தைப் பண்டங்களாகிவிட்டன. ஒரு கண்டத்திலே பிடிபட்ட உயிர் மற்றொரு கண்டத்திலே ஒரு சிறுவனின் பிறந்தநாட் பரிசாகின்றது. இதிலே அரசாங்கம் தலையிடுவதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்போர் உளர். தன் வீட்டில், தன் பணத்தில், தன் விருப்பப்படி ஒருவன் ஓர் உயிரை வளர்ப்பானாயின் அஃது அவன் உரிமையன்றோ என்பது அவர்தம் வாதம்.

உரிமை என்னும் சொல்லை எளிதில் ஒதுக்கிவிடும் இயல்பு எமக்கில்லை. ஆயினும் ஒருவனுடைய உரிமை அவன் வீட்டு வேலியோடு நிற்கும்வரைதான் அது அவனுக்கு மட்டும் உரிய காரியம். நாய்க்கு எசமானைத் தெரியும். மாட்டுக்குத் தொழுவம் தெரியும். பாம்புக்கு வேலியுந் தெரியாது, வளர்த்தவனையுந் தெரியாது. அது வேலியைக் கடந்த நாளிலிருந்து அயலவனுக்கும் ஊருக்கும் காட்டுக்கும் அதிலே பங்கு உண்டாகிவிடுகின்றது. பங்குள்ள இடத்திலே சட்டம் இருத்தல் வேண்டும். எத்தகைய சட்டம் என்பதே கேள்வி.

புண்ணியமாகச் செய்த பாவம்

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலே நண்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய மகனிடம் முன்பு சிறியதோர் ஆமைக்குஞ்சு இருந்தது. பச்சை ஓடு, காதருகே சிவந்த கோடு, ஐந்து ரூபா நாணயத்திலும் சற்றே பெரிது. மீன்தொட்டிக் கடையில் வாங்கியது என்றார்கள். இம்முறை தொட்டி வெறுமையாகக் கிடந்தது. "ஆமை எங்கே?" என்று வினவினோம். "அதை ஏன் கேட்கிறீர்கள், ஐயா! சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிட்டது. தண்ணீர் நாற்றம் பொறுக்க முடியவில்லை. கொல்ல மனம் வருமா? காரிலே கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிட்டேன். ஒரு சீவனுக்கு விடுதலை கொடுத்த புண்ணியம்!" என்றார் நண்பர்.

அவர் நல்லவர், ஈ எறும்புக்குங் கேடு நினையாதவர். ஆயினும் அவர் விடுதலை செய்த அந்தச் செங்காது ஆமை எமது குளத்துக்கு உரியதன்று. அதன் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்காவிலே மிசிசிப்பி ஆறு பாயும் நிலம். இவ்வாறே பல நாடுகளிலும் நல்லவர்கள் இரக்கத்தினால் அதைக் குளங்களில் விட்டனர். விடப்பட்ட இடமெல்லாம் அது பெருகி, உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் கவர்ந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டில் அதன் இறக்குமதியைத் தடுத்தது. 2016ஆம் ஆண்டில் ஆக்கிரமிக்கும் அந்நிய உயிரினங்களின் பட்டியலிலே சேர்த்தது. அமெரிக்காவிலோ அதற்கும் முன்பே, 1975ஆம் ஆண்டில், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்றல் தடுக்கப்பட்டது. காரணம் காடன்று, குழந்தைகள். சிற்றாமைகளைக் கையாண்ட சிறுவர்க்குச் சல்மொனெல்லா என்னும் கிருமியால் நோய் பரவியமையே அத்தடைக்கு ஏது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கொடியவர்களைத் தண்டிப்பதற்கு மாத்திரம் எழுதப்பட்ட சட்டம் இக்காரியத்திலே பயன்படாது. கேடு பெரும்பாலும் நல்லவர் கையாலேயே நிகழ்கின்றது. வளர்ந்துவிட்ட உயிரை எங்கே ஒப்படைப்பது என்று அறியாமையே அதன் வேர்.

புளோரிடா கண்ட பாடம்

இக்கேடு எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை. பர்மிய மலைப்பாம்பு தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. எம் மக்கள் வெங்கணாந்தி என்னும் பாம்புக்கு நெருங்கிய இனம். 1996 முதல் 2006 வரையான காலத்தில் மாத்திரம் ஏறக்குறைய 99,000 பர்மிய மலைப்பாம்புகள் ஐக்கிய அமெரிக்காவினுள் இறக்குமதி செய்யப்பட்டன. குட்டியாக வாங்கும்போது அது கையிலே சுற்றிக்கொள்ளும் சிறு கயிறு. சில ஆண்டுகளில் அது பத்தடி, பன்னிரண்டடிப் பூதம். எலி தின்றது முயல் கேட்கும். கண்ணாடிப் பெட்டி போதாமல் அறையே கேட்கும். அப்போது உடையவன் என் செய்வான்? இரவோடு இரவாகச் சதுப்பு நிலத்தருகே கொண்டுபோய் அவிழ்த்துவிட்டான். 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வீசிய ஆன்ட்ரூ சூறாவளியிலே உயிர் வணிகரின் கூடங்கள் இடிந்து தப்பியவையும் உண்டென்பர்.

எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்பு நிலத்திலே அவை முட்டையிட்டுப் பெருகும் குடிகளாகிவிட்டன என்பது 2000ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அங்கு நேர்ந்த அழிவை எண்ணிக் காட்டியது. இரவிலே வீதியோரம் முன்பு சாதாரணமாகக் காணப்பட்ட ரக்கூன் என்னும் விலங்கு 99.3 வீதம் குறைந்துவிட்டது, ஒப்போசம் 98.9 வீதம்; காட்டுப்பூனை 87.5 வீதம். முயலோ ஒன்றுங் கண்ணிற்படவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒரு நிலத்திலே வாழ்ந்த உயிர்கள், ஒரு தலைமுறைக்குள், சிலரின் விளையாட்டுக்குப் பலியாயின.

அதன்பின் அரசு விழித்தது. பணத்தை வாரி இறைத்தது. வேட்டைப் போட்டி நடத்திற்று. 2013ஆம் ஆண்டின் முதற் போட்டியிலே ஏறத்தாழ 1,600 பேர் கலந்துகொண்டு ஒரு மாதம் தேடிப் பிடித்தவை 68 பாம்புகள்! புல்லின் நிறமும் பாம்பின் நிறமும் ஒன்றாயிருக்கும் பரந்த சதுப்பிலே காலடியிற் கிடந்தாலும் அதைக் காணுதல் அரிது. 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பெண் பாம்பொன்று 215 இறாத்தல் நிறையுடையதாய், வயிற்றிலே 122 முட்டைக் கருக்களுடன் இருந்தது. இதுவரை இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புகள் அகற்றப்பட்டும் முற்றாக ஒழித்தல் கைகூடுமென்று எவரும் உறுதி கூறார். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதென்பது இதுவே.

சட்டம் ஏன் முந்தி வரவில்லை? புளோரிடாவின் நீர் முகாமைப் பகுதியினர் 2006ஆம் ஆண்டிலேயே மத்திய அரசிடம் தடை கேட்டனர். பாம்பு வணிகரும் வளர்ப்போர் சங்கத்தாரும் எதிர்த்தனர். ஆராய்ச்சி, விசாரணை, கருத்துக் கேட்டல் என்று ஆறாண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டு சனவரியிலே ஒன்பது பெரும் பாம்பினங்களில் நான்கு மாத்திரம் தடைப்பட்டியலில் ஏறின, மற்றும் நான்கு 2015ஆம் ஆண்டுவரை காத்திருந்தன, ஒன்று கைவிடப்பட்டது. அப்பாலும் 2017ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அச்சட்டத்தின் சொற்கள் கண்டப்பகுதி மாநிலங்களுக்கிடையே பாம்பைக் கொண்டு செல்வதைத் தடுக்கவில்லை என்று தீர்த்தது. சட்டம் தாமதித்தது, தாமதித்து வந்ததும் ஓட்டையுடன் வந்தது. ஈற்றில் 2021ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் தானே பதினாறு ஊர்வன இனங்களைத் தனியார் வளர்ப்பினின்றும் வணிகத்தினின்றும் விலக்கிற்று.

காகிதத்திலிருந்த சட்டம்

சட்டம் இருந்தாற் போதுமா? போதாதென்பதற்கு இரு துயரங்களைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

புளோரிடாவிலே 2008ஆம் ஆண்டு முதல், பெரும் மலைப்பாம்பு வைத்திருப்போர் ஆண்டுக்கு 100 டொலர் செலுத்தி அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டியிருந்தது. பாம்பின் தோலின் கீழே அடையாளச் சில்லொன்றும் பொருத்துதல் வேண்டியிருந்தது. மறு ஆண்டு, 2009 யூலையில், அம்மாநிலத்தின் சம்ரர் மாவட்டத்திலே ஒரு வீட்டில் வளர்ந்த பர்மிய மலைப்பாம்பு இரவிலே பெட்டியை விட்டு வெளியேறி, தொட்டிலில் உறங்கிய இரண்டு வயதுப் பெண்குழந்தையைச் சுற்றி இறுக்கிக் கொன்றது. அவ்வீட்டாரிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. பெட்டிக்கு உறுதியான பூட்டுமில்லை. பாம்புக்கு ஒழுங்கான இரையுமில்லை. 2011ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டது. குழந்தை திரும்பவில்லை.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கம்பெல்ரன் என்னும் ஊரிலே 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நிகழ்ந்தது அதனினும் கொடியது. பிராணிகள் விற்கும் கடையின் மேல்மாடியிலே நண்பன் வீட்டில் இரவு தங்கச் சென்ற சகோதரர் இருவர், நான்கும் ஆறும் வயதுடைய பாலகர், ஆபிரிக்க மலைப்பாம்பொன்றினால் உறக்கத்திலேயே மாண்டனர். காற்றுக் குழாய் வழியே பாம்பு அறையினுள் வந்துவிட்டது. அவ்வினத்தை அம்மாகாணத்தில் அனுமதியின்றி வைத்திருத்தல் முன்பே தடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் பாம்பு பல்லாண்டு அங்கேயே இருந்தது.  2016ஆம் ஆண்டில் உடைமைக்காரர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். ஏட்டிலே சட்டம், வீட்டிலே பாம்பு. இடையிலே அச்சட்டத்தை நிறைவேற்றுவார் இல்லை. அந்த இடைவெளியிலேதான் அப்பாலகர் மாண்டனர்.

எம் வீட்டுச் செல்வம் அந்நியன் பெட்டியில்

இவையெல்லாம் பிறநாட்டுக் கதைகள். எமக்கென்ன என்று வாசகர் நினைத்தல் கூடும். எமக்கு இரண்டு வகையிலே பங்குண்டு. முதலாவது, நாம் பறிகொடுப்போர்.

இலங்கையின் மலைநாட்டுக் காடுகளிலே மூக்கின் நுனியிற் கொம்புடைய ஓணான்கள் உண்டு. உலகிலே வேறெங்கும் இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரிலே வாழும் சில இனங்கள் அம்மலையை விட்டு அடுத்த மலைக்குங்கூடச் சென்றறியா. ஈரவலயத் தாழ்நிலக் காடுகளிலே தலையிற் கூனும் மூக்கிலே உருண்டையும் கொண்ட பச்சை ஓணான் வாழ்கின்றது. இவை எம் நாட்டிலே சட்டத்தினாற் காக்கப்பட்டவை. எனினும் ஐரோப்பியச் சந்தைகளிலே இவை பகிரங்கமாக விலை பேசப்பட்டன. காரணம் எளிது: கொழும்பிலே பிடிபட்டாற் குற்றம், விமானம் ஏறி அக்கரை இறங்கிவிட்டாற் பண்டம்! அங்குள்ள சட்டம் பன்னாட்டுப் பட்டியலிலே பெயர் உண்டா என்று மாத்திரம் பார்த்தது. பிறந்த நாட்டிலே அது களவுப் பொருளா என்று கேட்கவில்லை.

அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் பதினெட்டாவது மாநாடு 2019ஆம் ஆண்டு கொழும்பிலே கூடவிருந்தது. உயிர்த்த ஞாயிறுப் படுகொலைகளின் பின் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்றது. அங்கேதான் எமது கொம்போணான்களும் அவற்றின் உறவினங்களும் பட்டியலில் ஏறின. சில முதலாம் அட்டவணையில், சில இரண்டாம் அட்டவணையில். எமது வறண்ட வலயத்துக்கும் இந்தியாவுக்கும் உரிய நட்சத்திர ஆமையும் அம்மாநாட்டிலேயே முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. மன்னார்ப் பற்றைகளிலே மழைக்குப் பின் ஊர்ந்து வரும் அந்த ஆமையை அறியாதார் வடக்கிலே யார்? பாக்கு நீரிணையின் இருகரையிலும் சாக்கிலே கட்டப்பட்டுப் படகேறும் உயிரும் அதுவே. அதற்கு விலை தருபவன் தூரதேசத்திலே தன் வீட்டில் வளர்க்க விரும்பும் ஒருவன். வாங்குவோன் இல்லையேற் பிடிப்போன் இல்லை. எனவே தனியார் வளர்ப்பை ஒழுங்குபடுத்தல் ஐரோப்பியனின் வீட்டுக் காரியம் மாத்திரமன்று. எமது காட்டின் காரியமுமாகும்.

இரண்டாவது, நாம் வாங்குவோராகவும் மாறிவருகின்றோம். அந்நிய ஊர்வன மீது ஆசை இந்நாட்டு நகரங்களிலும் பரவுகின்றது. புளோரிடாவிலாவது குளிர் உண்டு; 2010ஆம் ஆண்டு சனவரியில் வந்த கடுங்குளிரிலே பல மலைப்பாம்புகள் இறந்தன. எமக்குக் குளிர்காலமே இல்லை. வெப்பநாட்டு உயிர் இங்கே தப்பினால் அதைத் தடுக்க இயற்கை துணை வராது. மேலும் புளோரிடாவின் பாம்புகளிலே சிலவற்றில் இந்திய மலைப்பாம்பின் கலப்பு உண்டென 2018ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு காட்டிற்று. இந்திய மலைப்பாம்பே எம் வெங்கணாந்தி. பர்மியப் பாம்பு எம் காட்டிலே புகுமாயின் அதன் இரையை மாத்திரமன்றி அதன் இனத் தூய்மையையும் அழிக்கும். தீவுகளின் நிலை இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போரின் பின் கப்பற் சரக்கோடு குவாம் தீவிலே புகுந்த மரப்பாம்பு அத்தீவின் காட்டுப் பறவை இனங்களிற் பெரும்பாலானவற்றை ஒழித்துவிட்டது. நாமுந் தீவினர் என்பதை மறத்தலாகாது.

நஞ்சுடைய அந்நியப் பாம்பைப் பற்றி ஒரு சொல். எமது வைத்தியசாலைகளிற் பயன்படும் விடமுறி மருந்து நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்பின் நஞ்சுக்கெதிராக இந்தியாவிலே செய்யப்படுவது. எம் நாட்டிலேயே நாள்தோறும் கமக்காரரைக் கடிக்கும் மூக்கு வளைந்த சிறு விரியனுக்கே அது பயன்படுவதில்லை. அங்ஙனமிருக்க, ஆபிரிக்காவினதோ அமெரிக்காவினதோ பாம்பு ஒருவன் வீட்டிலிருந்து தப்பி அயல்வீட்டுப் பிள்ளையைத் தீண்டினால், எந்த வைத்தியர் எந்த மருந்தை எடுப்பார்?

முற்றாகத் தடுப்பதா?

அப்படியானால் எல்லாவற்றையும் அடியோடு தடுத்துவிடலாமே என்பர் சிலர். அவசரக்காரரின் முதல் மருந்து எப்போதும் தடையே. நோர்வே அதைச் செய்து பார்த்தது. 1970களிலிருந்து அந்நாட்டிலே ஊர்வன வளர்த்தல் தடுக்கப்பட்டிருந்தது. ஆசை அடங்கவில்லை, மறைவிலே சென்றது. மறைவிலே வளர்ப்பவன் மிருக வைத்தியரிடம் போகான். தப்பினாற் பொலிசாரிடம் சொல்லான். ஈற்றில் 2017ஆம் ஆண்டில் அந்நாடு 19 இனங்களை மாத்திரம் வளர்க்கலாமென அனுமதித்தது. தீங்கற்றவை, வளர்ப்பிலே பெருகுபவை, சிறியவை என்று தேர்ந்து ஒரு பட்டியல் வகுத்தது. பட்டியலில் உள்ளவை ஆகும், இல்லாதவை ஆகா. தடுக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருப்பதிலும் இது தெளிவு. ஏனெனில் வணிகன் நாளைக்குக் கொண்டுவரும் புது இனத்தின் பெயர் இன்றைய தடைப்பட்டியலில் இராது.

பிரித்தானியா 1976ஆம் ஆண்டில் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தை இயற்றிற்று. நச்சுப்பாம்பும் முதலையும் வளர்க்க விரும்புவோன் உள்ளூராட்சிச் சபையின் அனுமதி பெறல் வேண்டும். மிருக வைத்தியர் வந்து கூட்டைப் பார்வையிடுவார். பிறர்க்குத் தீங்கு நேரின் ஈடு செய்வதற்குக் காப்புறுதியும் வேண்டும். ஆயினும் பெரும் மலைப்பாம்புகள் அப்பட்டியலில் இல்லை. அவுஸ்திரேலியாவிலோ தனியார் அந்நிய ஊர்வனவற்றை வைத்திருத்தல் ஆகாது. தம் நாட்டு இனங்களை மாநில அரசின் அனுமதிப் பத்திரத்தோடு வளர்க்கலாம். ஆசைக்கும் இடமுண்டு, நாட்டுக்கும் காவலுண்டு.

வளர்ப்போரின் வாதத்திலும் உண்மை உண்டென்பதை ஒப்புக்கொள்வோம். பல தலைமுறையாகக் கூட்டிலேயே பெருகிய சிறு பல்லிகளும் பாம்புகளும் உள. அவற்றை வளர்ப்பவன் காட்டைக் கொள்ளையடிப்பவன் அல்லன். ஊர்வனவற்றை அருகிருந்து கவனித்த ஆர்வலராற் பெற்ற அறிவும் கொஞ்சமன்று. பாம்பைக் கண்ட மாத்திரத்தே தடியெடுக்கும் எம்மவர்க்கு அவ்வறிவு மிகவும் வேண்டும். ஆனால் 'கூட்டிற் பிறந்தது' என்னும் சொல்லையே வணிகர் பொய்ச் சான்றாக்கிவிட்டனர். இந்தோனேசியாவிலிருந்து கூட்டிற் பிறந்தவையென ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளிலே 80 வீதத்துக்குக் குறையாதவை காட்டிற் பிடிக்கப்பட்டவை என 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிப்படுத்திற்று. எனவே நல்ல வளர்ப்போனுக்கும் சட்டம் பகையன்று. பொய் வணிகனிடமிருந்து அவனைப் பிரித்துக் காட்டும் துணையே ஆகும்.

செய்ய வேண்டியவை

இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலே பிறந்தது. வேட்டைக்காரனையும் துப்பாக்கியையும் மனத்திற்கொண்டு எழுந்த சட்டம் அது. 1993ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டு வலுப்பெற்றது. காட்டைக் காப்பதே அதன் மூலநோக்கம். தொடர்மாடி வீட்டிலே கண்ணாடிப் பெட்டியில் வளரும் அந்நியப் பாம்பின் கூடு, பூட்டு, கணக்கு, காப்புறுதி என்பனவற்றுக்குத் தனி விதிகள் வேண்டும். அவ்விதிகளிலே பின்வருவன அமைதல் நன்றென்பது எம் கருத்து.

முதலாவது, வளர்க்கத்தக்க இனங்களின் பட்டியல் ஒன்று வகுக்கப்படல் வேண்டும். இந்நாட்டுக் காலநிலையிலே வேரூன்றக்கூடியவை, நஞ்சுடையவை, மனிதனை வெல்லும் பெருமையுடையவை அதிலே இடம் பெறலாகா. மிருகக் காட்சிச்சாலையும் ஆராய்ச்சி நிலையமும் தனி அனுமதியோடு வைத்திருக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் உயிரும் பதிவு செய்யப்படல் வேண்டும். பிறந்தது, இறந்தது, கைமாறியது யாவும் ஏட்டில் ஏறல் வேண்டும். நியாயமான வழியிலே வந்தது என்று நிறுவும் பொறுப்பு வைத்திருப்பவனைச் சார்ந்ததாக இருக்கட்டும். இந்தியா இதிலே பட்ட அனுபவம் எமக்கு உதவும். 2020ஆம் ஆண்டில் இந்திய மத்திய அரசு, அந்நிய உயிர் வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவிப்பின் எவ்வித ஆவணமும் கேட்கப்படமாட்டாதென அறிவித்தது. மன்னிப்பு நல்லது, ஆனால் வாசலைத் திறந்து வைத்துக் கணக்குக் கேளாதிருந்தால் நேற்றுக் கடத்தியவனும் இன்று சான்றிதழ் பெறுவானன்றோ? பின்னர் 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தாலும் 2024ஆம் ஆண்டின் பதிவு விதிகளாலும் அவ்வாசலுக்குக் கதவு பொருத்தினார்கள். நாம் கதவோடு தொடங்கலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே வைத்திருப்போரைக் குற்றவாளிகளாக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் செங்காது ஆமையைத் தடுத்தபோது, முன்பே வளர்த்தவர் அதன் ஆயுள்வரை வைத்திருக்க இடமளித்தது. ஆனால் பெருக்கவும் வெளியே விடவும் இடமளிக்கவில்லை. அதுவே மனிதத்தன்மையுடைய வழி.

நான்காவது, ஒப்படைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். புளோரிடாவிலே 2006ஆம் ஆண்டு தொடங்கி, அந்நிய உயிரை வைத்திருப்போர் தண்டமோ கேள்வியோ இன்றி ஒப்படைக்கும் நாட்கள் நடத்தப்படுகின்றன. தகுந்தோர் அவற்றை ஏற்றுக்கொள்கின்றனர். எம் நண்பருக்கு அத்தகைய ஓரிடம் தெரிந்திருந்தால் அந்த ஆமை குளத்துக்குப் போயிராது. இதுவே எல்லாவற்றிலும் செலவு குறைந்த மருந்து. முதலிற் செய்யத்தக்கதும் இதுவே.

ஐந்தாவது, பார்வையிடுவோர் வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலர் யானைக்கும் வேலிக்குமே போதாமல் அலைகின்றனர். உள்ளூராட்சிச் சபைகளின் மிருக வைத்தியரை இதற்கு இணைத்துக்கொள்ளலாம். அனுமதிக் கட்டணத்திலிருந்தே அச்செலவைப் பெறலாம். கட்டணம் ஏழை ஆர்வலனை வருத்தாதளவாகவும் பார்வையிடும் செலவுக்குப் போதியதாகவும் இருக்கட்டும். விண்ணப்பப் படிவமும் விளம்பரமும் வளர்ப்போன் படிக்கக்கூடிய மொழியிலே, தமிழிலும் சிங்களத்திலும், கிடைத்தல் வேண்டுமென்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனாற் சொல்லாமல் விட்டால் நிகழ்வது யாதென்பதை எம் வாசகர் அறிவர்.

ஆறாவது, மேலை நாடுகளிடம் நாம் உரத்துக் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவின் லேசி சட்டப்படி, வேற்று நாட்டுச் சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட உயிரை அந்நாட்டில் வைத்து வணிகஞ் செய்தலுங் குற்றமாகும். இவ்விதி எங்கும் வேண்டும். எங்கள் மலையிலே களவாடிய ஓணான், பட்டியலிலே பெயர் ஏறுமுன்னும் களவாடிய ஓணானே. களவுப் பொருள் கடல் கடந்தால் நற்பொருள் ஆகிவிடுமா?

இச்சட்டத்தால் வாக்குக் கூடப்போவதில்லை. மேடைகளிலே கைதட்டல் கிடைக்கப்போவதுமில்லை. ஆதலால் அரசாங்கத்தார் இதை நாளை நாளை என்று தள்ளிவிடுதல் எளிது. புளோரிடாவிலே அவ்வாறு தள்ளிய ஆறு ஆண்டுகளின் விலையை அந்த மாநிலம் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கின்றது. எமக்கோ இன்னும் காலம் இருக்கின்றது. ஒரு பட்டியல், ஓர் ஏடு, ஒப்படைக்க ஓரிடம், பார்க்க ஓர் அலுவலர் — இவ்வளவே கேட்கின்றோம். பாம்பு பெட்டிக்குள் இருக்கும்போதே சட்டத்தை எழுதிவிட வேண்டும். அது வெளியேறிய பின் எழுதுவது சட்டமன்று, மரண விசாரணை அறிக்கையே.